அவள் ரத்தத்தில் ஓடிய பஸ்

காப்பு சிவப்பு காட்டியதும் ஜெயக்கொடிக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். ‘படுபாவி, ராத்திரி என்னத்தத் தின்னு தொலைச்சாளோ!’ என்றுதான் மனசுக்குள் கத்தினான்.

டிப்போ வாசலில் விடிந்தும் விடியாத வெளிச்சம். அவனுக்கு முன்னால் நின்ற டிரைவர்கள் ஒவ்வொருவராகக் காப்பைத் தூணில் வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது, சாவி வந்து விழுந்தது, எடுத்துக்கொண்டு போனார்கள். இவன் வைத்ததும் விளக்கு சிவந்தது. சாவி விழவில்லை.  பின்னால் நின்றவன் ஒட்டுவாரொட்டி நோயைக் கண்டவன் போல ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

காப்பு என்றதும் தங்கக் காப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டுகிற ஒரு பட்டை, அவ்வளவுதான். உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத முட்கள். ராத்திரி படுக்கும்போது கட்டிக்கொண்டால் விடிகிறவரை ரத்தத்தைப் படித்துக்கொண்டே கிடக்கும். ஆனால் நிறத்தை டிப்போ தூணில் வைத்தால்தான் காட்டும். வீட்டிலேயே காட்டினால் மனுஷன் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு தூங்கமாட்டான், தூங்காவிட்டால் அதுவே நெஞ்சுக்குக் கேடு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். பச்சை என்றால் சாவி. மஞ்சள் என்றால் அன்றைக்கு வண்டி கிடையாது, இன்னொரு மஞ்சள் வந்தால் லைசென்ஸே கிடையாது. சிவப்பை அந்த டிப்போவில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

இதெல்லாம் சும்மா வரவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மலைப்பாதையில், வளைவில் திரும்பும்போது டிரைவருக்கு நெஞ்சடைத்து ஸ்டீரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். பஸ் பள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் வாயைத் திறப்பதில்லை. அந்த மனுஷனுக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. நெஞ்சு வலி என்று ஒரு நாள் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் மலை ஏறுகிற டிரைவர் எல்லாரும் காப்புக் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? ஆனால் சட்டத்தோடு சேர்ந்து வேறு சிலதும் வந்துவிட்டன. பெண் பார்க்கப் போகிற இடத்தில் ‘மாப்பிள்ளைக்குக் காப்பு என்ன நிறம்?’ என்று கேட்கிறார்கள். மஞ்சள் பட்ட டிரைவர்கள் ஷெட்டில் டயர் உருட்டுகிறார்கள். முப்பது வருஷம் மலை ஏறின பொன்னையா அண்ணன் இப்போது டிப்போ கக்கூஸுக்குத் தண்ணி பிடித்துவிடுகிறார். அவர் எதிரே வந்தால் ஜெயக்கொடி வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

ஜெயக்கொடிக்கும் சர்க்கரை. போன ஆடி மாசம் அவனுக்கு ஒரு மஞ்சள் வந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவனுடைய கண்டக்டர் ஒச்சப்பன்தான் டீக்கடையில் உட்கார வைத்து வழி சொல்லிக்கொடுத்தான்.

“எண்ணே, அது ரத்தத்தைத்தான் படிக்கும், ஆளைப் படிக்காது. ராத்திரி மதினி கையில மாட்டிவிட்டுப் படுங்க. காலையில வாங்கிட்டு வாங்க.”

“கண்டுபிடிச்சா?”

“அட போங்கண்ணே, பாதி டிப்போ பொண்டாட்டி ரத்தத்துலதான் ஓடுது.”

நாகஜோதியிடம் சொன்னபோது அவள் கேள்வியே கேட்கவில்லை. கையை நீட்டினாள். “எனக்கு என்ன கேடு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன், கட்டுங்க” என்றாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ராத்திரி படுக்கும்முன் அவன் வயிற்றில் இன்சுலின் ஊசியை அவள் போடுவாள். அவள் கையில் காப்பை அவன் கட்டுவான். காலையில் தூணில் பச்சை எரியும். அவன் மலையேறுவான்.

அந்தப் பச்சைதான் இன்றைக்குச் சிவந்துபோய் நிற்கிறது.

“அண்ணே, நடக்காதீங்க! அப்படியே உட்காருங்க!”

ரெஜினா சிஸ்டர் ஓடி வந்தாள். டிப்போவின் நர்ஸ். விடியற்காலையிலேயே முகத்தில் ஒரு நாள் வேலையின் களைப்பு ஒட்டியிருக்கிற பொம்பளை. எத்தனையோ டிரைவர்களுக்கு எத்தனையோ தடவை ‘உப்பைக் குறைங்க, பீடியை விடுங்க’ என்று சொல்லிச் சொல்லித் தொண்டை தேய்ந்துபோனவள். இரண்டு பேரை வைத்து அவனைத் தூக்காத குறையாகத் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லை சிஸ்டர். மிஷின்ல கோளாறா இருக்கும்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. சட்டையைக் கழட்டுங்க.”

ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். அதன் மேல் நீலத்தில் ஏதோ எழுதியிருந்தது. டிப்போவில் எல்லாருக்கும் அது உறக்க ஊசி. அதைப் பார்த்ததும் ஜெயக்கொடி எழுந்து உட்கார்ந்தான்.

“எதுக்கு அது?”

“தட்டணுக்களைத் தூங்க வைக்க.”

“தட்டணுன்னா?”

ரெஜினா பெருமூச்சு விட்டாள். பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள், யாரும் கேட்டதில்லை. டீக்குப் பிந்திவிடும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“விரல்ல வெட்டுப்பட்டா கொஞ்ச நேரத்துல ரத்தம் நிக்குதுல்ல? அதை நிறுத்துறது இந்தத் தட்டணுதான். காயம் பட்ட இடத்துக்கு ஓடி வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடைச்சிரும். காயம் இல்லாதப்போ சும்மா ஓடிக்கிட்டு இருக்கணும். சும்மா இருன்னு அதுகளை அடக்கி வைக்கிற வேலையில இன்சுலினுக்கும் ஒரு பங்கு இருக்கு. சர்க்கரை முத்திப் போச்சுன்னா இன்சுலின் பேச்சை அதுக கேக்கிறதில்லை. காயமே இல்லாம ரத்தக் குழாய்க்குள்ள கூட்டம் கூடி ஒட்ட ஆரம்பிக்கும். நெஞ்சுக்குப் போற குழாயில அப்படி ஒட்டிச்சுன்னா...”

“ஒட்டிச்சுன்னா?”

“முடிஞ்சுது. மஞ்சள்னா ஒட்டலாம்னு அர்த்தம். சிவப்புன்னா ஒட்ட ஆரம்பிச்சாச்சு. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நெஞ்சடைப்பு வந்துரும். சரி, முதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. நெஞ்சு வலிக்குதா?”

“ஒரு நிமிஷம் சிஸ்டர், வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கிறேன்.”

அவள் குப்பியைக் கையில் வைத்து உருட்டிச் சூடாக்கிக்கொண்டே தலையாட்டினாள். சாகப்போகிறவன் பெண்டாட்டியோடு பேசட்டும் என்று நினைத்திருப்பாள்.

நாகஜோதி நாலைந்து மணி அடித்த பிறகுதான் எடுத்தாள். ஜெயக்கொடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பல்லைக் கடித்தபடி பேசினான்.

“ஏண்டி, ராத்திரி என்னத்தத் தின்ன?”

“என்ன தின்னேன்? உங்க வரகுச்சோறு மிச்சமில்லை, ரேஷன் அரிசிச்சோறு ரெண்டு வாய். நீங்க கொண்டாந்த கல்யாண வீட்டு மைசூர்பாகு கிடந்துச்சு, கெட்டுப்போயிரும்னு வாயில போட்டேன். ஏன்?”

“என் காப்பைக் கெடுத்துட்டியே! சிவப்புக் காட்டிருச்சு. ஊரே வேடிக்கை பாக்குது. அறிவிருக்கா உனக்கு?”

 அந்தப் பக்கமிருந்து குரல் சன்னமாக வந்தது.

“நான் என்னங்க பண்ணேன்? ராத்திரி பூரா ஒரே வாய்வு. தாடை ரெண்டும் குடையுது. முதுகைப் பிடிச்சுக்கிச்சு. ஓமத்தண்ணி குடிச்சும் கேக்கலை. எந்திரிச்சா மேலெல்லாம் வேர்க்குது.”

“எப்பப் பாரு வாய்வு, வாய்வு! வை போனை.”

அவனே வைத்தான். திரும்பி ரெஜினாவைப் பார்த்தான். இந்த ஊசியைப் போட்டுத் தொலைத்தால் வேலை மிஞ்சுமா என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. சிவப்புப் பட்டவனுக்கு வைத்தியம் பார்த்து மூணு மாசம் கழித்து மறுபடி வண்டி தருவார்கள் என்று எங்கேயோ கேட்டிருந்தான்.

“ம், சொல்லுங்க. நெஞ்சு வலி இருக்கா?” என்றாள் ரெஜினா.

“இல்லை.”

“சில பேருக்கு நெஞ்சே வலிக்காது. சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் அப்படித்தான் ஏமாத்தும். தாடை குடையுதா?”

ஜெயக்கொடி கையிலிருந்த போனைப் பார்த்தான்.

“முதுகு பிடிச்ச மாதிரி இருக்கா? காரணமில்லாம வேர்க்குதா? வாய்வு மாதிரி?”

ஐயோ, என்ன மடத்தனம்! சிவப்பு எரிந்து இத்தனை நேரமாகியும், அது யாருடைய ரத்தம் என்று ஒரு தடவைகூட அவன் நினைத்துப் பார்க்கவில்லை. அவனுக்கு அது அவனுடைய காப்பு, அவனுடைய நிறம், அவனுடைய சாவி. சர்க்கரை அவனுக்கு, வைத்தியம் அவனுக்கு, பத்தியம் அவனுக்கு. அவளுக்கு வாய்வு. இந்த வரிசையில்தான் அந்த வீடே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. 

“என்னண்ணே, முகம் வெளுக்குது? படுங்க, கையை நீட்டுங்க.”

“சிஸ்டர்... இந்த ஊசியை ஒண்ணுமில்லாதவனுக்குப் போட்டா என்ன ஆகும்?”

“தட்டணு நல்லா இருக்கிறவனுக்குப் போட்டா, மூக்குல ரத்தம் வந்தாக்கூட நிக்காது. உள்ளுக்குள்ள கசிஞ்சே ஆள் போயிருவான். அதுக்குத்தான் சிவப்புக் காட்டினவங்களைத் தவிர யாருக்கும் போடக்கூடாதுன்னு சட்டம். ஏன் கேக்கிறீங்க?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். மறுபடி மூடிக்கொண்டான். இதை மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவன் அப்போதும் யோசித்தான். பெண்டாட்டி உயிருக்கும் லைசென்ஸுக்கும் நடுவில் ஒரு சந்து கிடைக்காதா என்று தேடினான். இதற்காக அவனை அடிக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் கக்கூஸ் வாசலில் பக்கெட்டோடு பொன்னையா அண்ணன் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

“சிஸ்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். காப்பு இல்லாத ஆளு, இப்படித் தாடை குடையுதுன்னு சாதாரண ஆஸ்பத்திரிக்குப் போனா?”

“இ.சி.ஜி. எடுப்பாங்க. இந்த நேரத்துல அதுல ஒண்ணும் தெரியாது. வாய்வுன்னு மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவாங்க. சாயங்காலம் பொணமாத் திரும்பி வருவாங்க. எங்க அம்மா அப்படித்தான் போனாங்க.” ரெஜினா சாதாரணமாகச் சொன்னாள். எத்தனையோ தடவை சொல்லி அலுத்துப்போன குரல்.

ஜெயக்கொடி கட்டிலை விட்டு இறங்கினான்.

“அது என் ரத்தம் இல்லை சிஸ்டர். என் வீட்டுக்காரி ரத்தம்.”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குப்பியை மேஜை மேல் வைத்தாள். 

“எத்தனை நாளா?”

“ஆடியில இருந்து.”

“அட பாவி மனுஷா! நான் பார்த்துப் பார்த்து, ஜெயக்கொடி அண்ணன் எவ்வளவு கட்டுப்பாடா இருக்காருன்னு வகுப்புல உங்களைத்தானய்யா உதாரணம் சொன்னேன்! பஸ்ல எத்தனை சனம் ஏறுது, நினைச்சுப் பார்த்தீங்களா?” மேலே பேச வந்ததை விழுங்கிக்கொண்டாள். “திட்டுறதுக்கு இப்ப நேரமில்லை. வீடு எங்க?”

“சுப்புராஜ் நகர். ரேஷன் கடைக்குப் பின்னாடி.”

“காப்பை எடுத்துக்கிட்டு வாங்க. ஏய், ஆம்புலன்ஸை எடுங்கப்பா!”

வெளியே வந்தபோது விஷயம் அதற்குள் பரவிவிட்டிருந்தது. அறைக்கதவு ஓரம் நின்றிருந்த ஒச்சப்பன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் போல. ஒரு பஸ்ஸும் கிளம்பவில்லை. சாவி வாங்கின டிரைவர்கள் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“என்னடி பண்ற? ஒண்ணுமில்லை, சும்மாதான்... தாடை கீடை வலிக்குதா?”

“நீ நல்லாத்தான இருக்க?”

“வேர்க்குதா பாப்பா? சிரிக்காத, கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

ரெஜினா நின்று அந்த முதுகுகளையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். “இத்தனை பேரா?” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றதைப் பார்த்ததும் நாகஜோதி வாசலுக்கு ஓடி வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். ஜெயக்கொடி இறங்கி நடந்து வருவதைக் கண்டதும் அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

“உங்களுக்கு ஒண்ணுமில்லையே? ஏங்க, ஒண்ணுமில்லையே?”

ரெஜினா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லென்று வேர்த்திருந்தது. “உட்காருங்கக்கா. இந்தக் காப்பைக் கட்டிக்கோங்க. அவசரத்துக்குன்னு வச்சிருக்கிற கையடக்க மிஷின் கொண்டுவந்திருக்கேன், ஒரு டீ குடிக்கிற நேரத்துல நிறம் காட்டிரும். சிவப்புன்னா உடனே ஊசி போடணும்.”

நாகஜோதி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். புருஷனைப் பார்த்தாள், நர்ஸைப் பார்த்தாள். அவள் மனசு வேறு கணக்குப் போட்டுவிட்டது.

“நான் எதுக்குக் கட்டணும்? அது அவுக காப்பு. நான் அதைத் தொட்டதே இல்லை.”

“அக்கா, அண்ணனே எல்லாத்தையும் சொல்லிட்டாரு.”

“அவுக எதையாவது பயத்துல உளறியிருப்பாக. சர்க்கரை அவுகளுக்குத்தான். எனக்கு எந்தக் கேடும் கிடையாது. இது வாய்வு.” நெஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னாள். நெற்றியிலிருந்து வேர்வை புருவத்தில் இறங்கியது.

“உங்களுக்குச் சர்க்கரை பார்த்திருக்கீங்களா?”

“மக வயித்துல இருந்தப்ப இருக்குன்னாங்க. பெத்ததும் போயிரும்னாங்க. போயிருச்சு.”

“அதுக்கப்புறம் பார்த்தீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்? அதான் போயிருச்சே.”

ரெஜினா ஜெயக்கொடி பக்கம் திரும்பினாள். “கையில கட்டிச் சிவப்புக் காட்டாம நான் ஊசியைத் தொட முடியாது. உங்க வார்த்தையை நம்பிப் போட்டு, ரத்தம் கசிஞ்சு செத்தாங்கன்னா நான்தான் கொன்ன மாதிரி. நீங்க சொல்லுங்க.”

ஜெயக்கொடி பெண்டாட்டி காலடியில் தரையில் உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. எது வேண்டுமோ அது அவன் முன்னால் வந்து இறங்கியிருக்கும்.

“நாகு, கட்டிக்கோ.”

“வேலை போயிருமேங்க.” ரகசியமாகச் சொன்னாள். நர்ஸுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டாள்.

“போயிருச்சு. நானே சொல்லிட்டேன். இனிமே ஒளிக்க ஒண்ணுமில்லை.”

“கூறுகெட்ட மனுஷா, ஏன் சொன்னீக? நான் இல்லைன்னு அடிச்சுச் சொல்றேன், நீங்க பேசாம இருங்க.”

“நாகு, செத்துப்போவ.”

“செத்தா என்ன, நீங்க வண்டியில இருந்தீகன்னா நம்ம மக...”

மேலே பேச வரவில்லை. மூச்சு வாங்கியது. ஜெயக்கொடிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அதோடு ஆத்திரமும் வந்தது. அவள் கையைப் பிடித்து முந்தானையை ஒதுக்கினான். முழங்கைக்கு மேலே, ராத்திரி ராத்திரி அவனே கட்டிக் கட்டி, சதையில் ஒரு கறுத்த தடம் விழுந்திருந்தது. அவன் அதை அதுவரை பார்த்ததே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் கட்டுவான்.

அவள் அதற்கு மேல் தடுக்கவில்லை. தடுக்கத் தெம்பும் இல்லை. காப்பு அந்தத் தடத்திலேயே போய் உட்கார்ந்தது. டீ குடிக்கிற நேரம் என்றாள் ரெஜினா.  முதல் நடை முடிந்து வந்து அவன் குடிக்க என்று அடுப்பில் வைத்த வெந்தயக் கஞ்சி கொதித்துப் பொங்கி அணைந்தது. கையடக்க மிஷின் கீச்சென்றது.

சிவப்பு.

ரெஜினா கேள்வி கேட்கவில்லை, ஊசியைப் போட்டாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரி நடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. டாக்டர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். தப்பித்துவிட்டாள், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை. சர்க்கரை பல வருஷமாகவே இருந்திருக்கிறது, ஏகத்துக்கும் ஏறிக் கிடக்கிறது; தட்டணு நேற்று ராத்திரிதான் கட்டு மீறியிருக்கிறது. ஊசியின் வேகம் தணிகிறவரை கத்தி, அரிவாள்மனை எதையும் தொடக்கூடாது, பல்லைக்கூட விரலால்தான் விளக்க வேண்டும். கம்பெனி மேனேஜரும் போன் பண்ணிவிட்டார். அவர் திட்டவில்லை. இனிமேல் டிப்போ பக்கம் வர வேண்டாம், போலீஸ் கூப்பிட்டால் மட்டும் வந்தால் போதும் என்றார். ஜெயக்கொடி சரி என்றான்.

ரெஜினா வந்து பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். அவளும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

“அண்ணே, இன்னொரு வேலை பாக்கி இருக்கு. உங்க கையில காப்பைக் கட்டிப் பாக்கணும்.”

“எதுக்கு சிஸ்டர்? அதான் வேலை போச்சே.”

“வேலைக்கு இல்லை. வீட்டுல ஒருத்தர் படுத்தாச்சு. நீங்களும் படுத்தா அவங்களை யாரு பாக்கிறது?”

நீட்டினான். எவ்வளவு மோசமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆடியில் மஞ்சள். அதற்கப்புறம் இத்தனை மாசம். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினான். சிவப்பு என்று வந்தால் வரட்டும், அவள் பட்டதில் பாதியாவது படுவோம் என்றுகூட நினைத்தான்.

மிஷின் கீச்சென்றது. ரெஜினா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கழற்றி, மறுபடி கட்டி, மறுபடி பார்த்தாள்.

“பச்சை.”

“என்னது?”

“பச்சைண்ணே. சும்மா பச்சை இல்லை, இளவட்டப் பையனுக்குக் கூட இப்படி வராது. இது இன்னைக்கு நேத்து வந்ததில்லை, பல மாசமாவே இப்படித்தான் இருந்திருக்கணும். ஆடிக்கப்புறம் ஒரு தடவையாவது நீங்க கட்டிப் பார்த்தீங்களா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். பயம். மஞ்சளைப் பார்த்துவிடுவோமோ என்கிற பயம்.

“என்ன சாப்பிடுறீங்க?” என்றாள்.

காலையில் வெந்தயக் கஞ்சி. மத்தியானம் வரகுச்சோறும் கீரையும் தூக்குவாளியில். ராத்திரி பாகற்காயோ வாழைப்பூவோ, ஒரு சுடுதண்ணீர். மணி தவறாமல் ஊசி. சாப்பிட்டதும் தெருக்கோடி வரை நடக்கச் சொல்லி வாசலில் நின்று விரட்டுவாள். எல்லாம் ஆடி மஞ்சளுக்குப் பிறகு அவள் ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக விரல் மடக்கி நர்ஸிடம் சொன்னான்.

“அவங்க என்ன சாப்பிடுவாங்க?”

 அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள், அவன் பார்த்ததில்லை. வரகு அவனுக்கு மட்டும், அவளுக்கு ரேஷன் அரிசி. கல்யாண சவாரி போனால் டிரைவருக்கு என்று தட்டு நிறையப் பலகாரம் கொடுப்பார்கள். நான் சர்க்கரைக்காரன் என்று பெருமையாகச் சொல்லி ஒன்றைக்கூட வாயில் வைக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவான். சாமி பிரசாதம், பிறந்தநாள் கேக், லட்டு, எல்லாம் அவள் முன்னால் வைத்து ‘நீ தின்னு, வீணாப் போகுது’ என்பான். அவளும் தின்றாள், வீணாய்ப் போகக்கூடாதே.

 ரெஜினா காப்பை அவன் கையிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். டிப்போக்காரர்கள் இன்னும் எத்தனையோ பேர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

உள்ளே நாகஜோதி கண்ணைத் திறந்திருந்தாள். மருந்து மயக்கத்தில் பார்வை ஒரு நிலையில் நிற்கவில்லை. கையில் ஊசி குத்தின இடமெல்லாம் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததும் அவன் முழங்கைக்கு மேலே பதிந்திருந்த புதுத் தடத்தைத் தடவினாள்.

“உங்களுக்கும் கட்டினாகளா?”

“ம்.”

“என்ன காட்டுச்சு?”

பொய் சொல்லிவிடலாமா என்று பார்த்தான். எந்தப் பொய் சொன்னால் அவளுக்கு வலிக்காது என்று தெரியவில்லை.

“பச்சை” என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம். “நிசமாவா? உங்க ரத்தமேவா?”

“என் ரத்தமே.”

“நான்தான் சொன்னேன்ல, பாகற்காய் தின்னா சரியாப் போயிரும்னு. கேட்டீகளா? எத்தனை நாள் தட்டைத் தள்ளி விட்டீக?” சிரித்தாள். சிரிக்கும்போது இருமல் வந்தது, அவன் முதுகைத் தாங்கிப் பிடித்தான். “எம்புட்டுச் சந்தோஷமா இருக்கு தெரியுமா? சமைச்சது வீண் போகலை.”

காலையில் நடந்த எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்லை. வேலை போனது, வாசலில் மூச்சு முட்டச் சண்டை போட்டது, எல்லாம் மயக்கத்தில் கரைந்துபோயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவன் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

“பச்சைதானே? அப்ப இனிமே நான் கட்டிக்க வேண்டாம். நாளைக்கு நீங்களே கட்டிக்கிட்டுப் போய் வண்டி எடுங்க.”

ஜெயக்கொடி “சரி” என்றான்.